நிலம் சொல்லும் சாட்சி: குறைந்த செலவுக் கன்னடக் குற்றப்படங்களும் அவற்றின் பார்வையாளரும்

1. கேள்வி

கன்னடத்தில் இப்போது ஆண்டுக்கு 200க்கும் மேற்பட்ட படங்கள் திரைக்கு வருகின்றன. வாரக் கணக்கில் பிரித்தால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஏறத்தாழ நான்கு படங்கள். இந்த நெரிசலுக்குள், பெரிய நடிகர் எவரும் இல்லாமல், அரங்கம் போடும் செலவும் இல்லாமல், ஏதேனும் ஒரு சிற்றூரிலேயே தங்கி எடுத்து முடிக்கப்படும் குற்றப்படங்கள் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தமக்கென ஒரு தடத்தைப் போட்டுக்கொண்டிருக்கின்றன. மலைநாட்டுச் சாப்பாட்டுக் கடை, கரையோர மீன்பிடித் துறை, மண்டியா வட்டாரத்துக் கரும்புக் காடு ஆகியவை அவற்றின் களங்கள். இப்படங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு தீர்ப்புகள் கிடைக்கின்றன. வெளியான வாரத்தில் 'ஓடவில்லை' என்பது ஒன்று. ஓரிரண்டு ஆண்டுகள் கழித்து, 'இப்படியொரு படத்தை எப்படித் தவறவிட்டோம்' என்பது மற்றொன்று. இரண்டுமே பார்வையாளரின் தீர்ப்பு என்றுதான் எழுதப்படுகின்றன. ஒரே படத்துக்கு நேர்மாறான இரண்டு தீர்ப்புகளை வழங்கும் அந்தப் பார்வையாளர் யார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இதே கேள்வியை ஆஸ்திரேலியா அரை நூற்றாண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அங்கே கடற்கரை நகரங்களை விட்டு உள்ளே போனால் விரியும் வறண்ட பெருவெளியைக் களமாக்கிச் சிறு முதலீட்டில் குற்றப்படம் எடுப்பது தனி மரபாகவே வளர்ந்திருக்கிறது. சொந்த நாட்டில் புறக்கணிக்கப்பட்டுப் பின்னர் கொண்டாடப்பட்ட படங்கள் அங்கும் உண்டு. கர்நாடகத்தின் நிலைமையைப் புரிந்துகொள்ள அந்த அனுபவம் உதவும். பெங்களூரு நகரத்துக் குற்றப்படங்களை ஒப்பீட்டுக்கு மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

2. வழக்கமான விளக்கங்கள்

முதல் விளக்கம் நடிகரைச் சார்ந்தது. பெங்களூரு காந்திநகரின் விநியோக வட்டாரம் நெடுங்காலமாகச் சொல்லிவருவது இது: உள்மாவட்டத்துப் பார்வையாளர் முகத்துக்காகத்தான் சீட்டு வாங்குகிறார், தெரிந்த முகம் இல்லாத படத்துக்கு வரமாட்டார். இரண்டாவது விளக்கம் சுவையைச் சார்ந்தது. இத்தகைய படங்கள் படித்த நகரத்தாருக்கு உரியவை. மால் திரையரங்குகளிலும் ஓடிடியிலும்தான் அவை பிழைக்கும் என்பது அதன் சாரம். முன்னது வணிகத்தின் குரல், பின்னது விமர்சகரின் குரல். ஆனால் இரண்டும் ஒரே முடிவில் போய் நிற்கின்றன: சிற்றூரைப் பற்றிய படத்தைச் சிற்றூர்க்காரர் விரும்பமாட்டார்.

இம்முடிவை அப்படியே ஏற்க இரண்டு தடைகள் உள்ளன. கன்னடத் திரை வரலாறே முதல் தடை. 1980இல் ஷங்கர் நாக் இயக்கிய 'மிஞ்சின ஓட்டா', அதையடுத்து எண்பதுகளின் நடுப்பகுதியில் வந்த 'ஆக்சிடென்ட்' ஆகியவை குற்றத்தைச் சமூகத்தின் விளைவாகப் பார்த்த படங்கள். அவை கன்னடப் பார்வையாளரின் நினைவில் இன்றும் இருக்கின்றன. இரண்டாவது தடை, 'விரும்பவில்லை' என்று சொல்வதற்கு முன் 'பார்த்தார்களா' என்று கேட்க வேண்டும் என்ற எளிய நியாயம். ஒரு படம் மூன்று நாள் மட்டும், அதுவும் காலைக் காட்சியாக மட்டும், மாவட்டத் தலைநகரில் ஒரே ஒரு திரையில் ஓடியிருந்தால், அம்மாவட்டத்துப் பார்வையாளரின் சுவை பற்றி அந்த வசூல் எதையும் நிறுவுவதில்லை.

என் வாதம் இதுதான். குறைந்த செலவுக் குற்றப்படத்தில் நிலம் பின்னணியாக இருப்பதில்லை. கதையை நம்பவைக்கும் சாட்சியமே அதுதான். அந்தச் சாட்சியத்தை எடைபோடும் முதல் தகுதி அந்நிலத்தில் வாழ்பவருக்கு உண்டு. அவர் முன்னால் படம் உரிய காலத்தில் வைக்கப்படுவதில்லை. ஆகவே முதல் வாரத்துத் தீர்ப்பு, தகுதியுள்ள நடுவரைக் கேளாமல் எழுதப்பட்ட தீர்ப்பு.

3. பணம் குறைந்த இடத்தில் நிலம் செய்யும் வேலை

மைசூர் ஒரு காலத்தில் இந்தியத் திரைத்துறைக்கே படப்பிடிப்புத் தளம் கொடுத்த ஊர். ஹுணசூர் சாலையில் இருந்த பிரீமியர் ஸ்டுடியோவுக்குள் வேண்டிய தெருவையும் வேண்டிய அரண்மனையையும் கட்டிக்கொள்ளலாம். 1989 பிப்ரவரி 8 அன்று, 'திப்பு சுல்தானின் வாள்' தொலைக்காட்சித் தொடருக்காகப் போடப்பட்டிருந்த அரங்கில் பற்றிய தீ 62 உயிர்களைப் பறித்தது. அதே 1989இல்தான் இதே ஊரில் பி.வி. காரந்தின் தலைமையில் அரசு நாடக அமைப்பான ரங்காயணா தொடங்கப்பட்டது. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் காரணத் தொடர்பு ஏதுமில்லை. ஆனாலும் பின்னால் வந்த சிறு படங்களை நினைக்கும்போது அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. கட்டப்பட்ட தெருவில் எடுக்கும் படத்துக்குப் பணம் வேண்டும். உள்ள தெருவிலேயே எடுக்கும் படத்துக்கு, அத்தெருவில் புழங்குபவராக நம்பவைக்கும் நடிகர் வேண்டும். அத்தகைய நடிகர்களைத் தந்தவற்றுள் ரங்காயணா முதன்மையானது. பெயரிலேயே அந்த அமைப்பைச் சுமக்கும் ரங்காயண ரகு, இந்த வகைப் படங்கள் இரண்டில் மையப் பாத்திரம் ஏற்றிருப்பது தற்செயல் அன்று.

அவற்றில் ஒன்று, 2024 பிப்ரவரியில் வெளியான சந்தீப் சுங்கதின் 'ஷாகாஹாரி'. தீர்த்தஹள்ளிப் பக்கத்தில் சைவச் சாப்பாட்டுக் கடை நடத்தும் சுப்பண்ணா, போலீஸ் தேடும் கொலைக் குற்றச்சாட்டுள்ள இளைஞன் ஒருவனுக்கு அடைக்கலம் கொடுக்க நேர்கிறது. துரத்தல் காட்சிக்கும் வெடிக்கும் காருக்கும் படத்தில் வேலையில்லை. பதற்றம் முழுவதும், கடைக்கு யார் வருகிறார்கள், சமையற்கட்டுக்குள் யார் எட்டிப்பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்பதிலிருந்து எழுகிறது. சிற்றூர்ச் சாப்பாட்டுக் கடையில் எவரும் அந்நியர் இல்லை. போலீஸ்காரரும் அங்கேதான் காப்பி குடிப்பார். இந்த உண்மையைப் பார்வையாளர் தம் வாழ்க்கையிலிருந்து கொண்டுவருகிறார். இயக்குநர் அதை விளக்க ஒரு ரூபாயும் செலவிட வேண்டியதில்லை.

'திதி'யைக் குற்றப்படம் என்று எவரும் சொல்வதில்லை. ராம் ரெட்டி இயக்கி, 2015இல் லொகார்னோ விழாவில் விருது பெற்று, 2016 மே மாதம் கர்நாடகத்தில் வெளியான படம் அது. ஆனால் அதன் கதைத் தண்டு ஒரு மோசடி. மண்டியா மாவட்டத்து நொதெகொப்பலு ஊரில், நூறு வயது தாண்டிய செஞ்சுரி கௌடா இறந்துபோகிறார். நிலம் அவர் பெயரில் இருக்கிறது. மகன் கட்டப்பாவுக்கோ நிலத்தின்மேல் ஆசையே இல்லை. பிராந்திக் குப்பியோடு கால் போன போக்கில் திரிகிறவர். பேரன் தம்மண்ணாவுக்கு நிலத்தை விற்றாக வேண்டும். உயிரோடு நடமாடும் தந்தை இறந்துவிட்டதாகப் பொய்யான இறப்புச் சான்றிதழ் வாங்குவதுதான் அவன் கண்டுபிடிக்கும் வழி. கர்நாடகத்தில் 2000ஆம் ஆண்டிலேயே 'பூமி' திட்டத்தின்கீழ் நில ஆவணங்கள் கணினிக்கு ஏறத் தொடங்கின. இருந்தும் பஹணி எனப்படும் நில உரிமைப் பதிவேட்டில் பெயர் மாற இறப்புச் சான்றிதழும் வாரிசு விவரமும் தேவை என்பதை இந்தச் சமவெளியில் ஒரு துண்டு நிலம் வைத்திருப்பவரும் அறிவார். இந்த நிலத்தின் குற்றம் கத்தியால் நடப்பதைக் காட்டிலும் காகிதத்தால் நடப்பதே அதிகம். அதைக் கண்டுபிடித்து, அவ்வூர் மக்களையே நடிக்கவைத்து, அவர்கள் பேசும் கன்னடத்திலேயே சொன்னதால்தான் 'திதி' அவ்வளவு திடமாக நிற்கிறது. குற்றத்தை அதன் மண்ணில் தேடுவது என்பதற்கு இதைவிடச் செறிவான சான்று இவ்வட்டாரத்தில் எனக்குத் தெரியவில்லை.

ரக்ஷித் ஷெட்டியின் 'உளிதவரு கண்டந்தெ' (2014) இன்னும் ஒரு படி போகிறது. உடுப்பியை அடுத்த மல்பெ துறைமுகத்தில், கிருஷ்ண ஜெயந்தி நாளைச் சுற்றி நடந்த ஒரு கொலையைப் பத்திரிகையாளர் ஒருவர் பலர் வாயால் கேட்டுத் தொகுக்கிறார். மீன் விற்கும் பாலு, படகு எந்திரம் பழுது பார்க்கும் முன்னா, மும்பையிலிருந்து தாயைத் தேடி வரும் ரகு என ஒவ்வொருவரின் கூற்றிலும் அதே நாள் வேறொரு நாளாகிறது. அந்தந்த இடத்திலேயே ஒலியைப் பதிவுசெய்த படம் என்பதால் கடலும் எந்திரமும் மனிதரின் பேச்சோடு கலந்தே கேட்கின்றன. புலிவேஷக் கொட்டு முழங்கும் இடத்தில், வண்ணம் பூசிய உடல்களின் ஆட்டமும் வரவிருக்கும் வன்முறையும் ஒரே தாளத்தில் சேர்கின்றன. அந்த ஆட்டத்தைத் தெருவில் பார்த்து வளர்ந்தவருக்கு அது பண்டிகை. அதே வேளையில் அச்சமும்கூட. வெளியூர்க்காரருக்கு அது அழகான காட்சி மட்டுமே. ஒரே காட்சி இரண்டு பார்வையாளரிடம் இரண்டு அளவு பொருள் தருகிறது. படத்தின் குற்றம் முதலாமவருக்கே முழுதாக விளங்கும்.

4. மறுஆக்கம் என்னும் சோதனை

நிலம் சாட்சியம் என்ற கருத்தைச் சோதித்துப் பார்க்கத் தமிழ் வாசகருக்கு வாய்ப்பான வழி ஒன்று இருக்கிறது. பவன் குமாரின் 'லூசியா' (2013) தமிழில் 'எனக்குள் ஒருவன்' ஆயிற்று. அவருடைய 'யூ டர்ன்' (2016) சமந்தா நடிக்க 2018இல் வந்தது. ஹேமந்த் ராவின் 'கவலுதாரி' (2019) 'கபடதாரி' ஆயிற்று. தயாள் பத்மநாபனின் 'ஆ கராள ராத்ரி' (2018) அவராலேயே 'கொன்றால் பாவம்' என 2023இல் எடுக்கப்பட்டது. 'உளிதவரு கண்டந்தெ' 2017 டிசம்பரில் 'ரிச்சி' என்ற பெயரில் வந்தது. ஒரே முடிச்சு, வேறு நிலம்: இதைவிடத் தெளிவான ஒப்பீட்டுச் சூழல் விமர்சகருக்கு எளிதில் வாய்க்காது.

'ரிச்சி'யின் களம் தூத்துக்குடிக்கு மாற்றப்பட்டது. துறைமுகத்துக்குப் பதில் துறைமுகம், மீனவருக்குப் பதில் மீனவர் என்று மேலோட்டமாகப் பார்த்தால் பொருத்தமான மாற்றம்தான். ஆனால் மல்பெயில் கொலையைச் சூழ்ந்திருந்த பண்டிகை, பேச்சு, ஊர் வதந்தி ஆகியவற்றுக்கு ஈடாகத் தூத்துக்குடி மண்ணிலிருந்து எதுவும் எழவில்லை. முத்துக்குளித்துறையின் நெடிய வரலாறும், அம்மக்களின் தேவாலயத் திருவிழாக்களும், அவர்கள் பேசும் தமிழும் கதையைத் தாங்கும் நிலைக்கு வரவில்லை. முடிச்சு வந்து சேர்ந்தது, சாட்சியம் வரவில்லை. படம் நிலைக்கவில்லை. நேர்மாறாக, 'யூ டர்ன்' சிக்கலின்றி இடம்பெயர்ந்தது. அதன் குற்றம் ஒரு மேம்பாலத்தில், தடுப்புக்கற்களை நகர்த்தி விதியை மீறித் திரும்பும் வாகனங்களிலிருந்து பிறக்கிறது. அப்படி ஒரு மேம்பாலம் எல்லா நகரத்திலும் உண்டு. அங்கே நிலத்தை மாற்றியதாகவே ஆகாது.

'ஆ கராள ராத்ரி' இடைப்பட்ட நிலை. மோகன் ஹப்பு எழுதிய நாடகத்தைத் தழுவிய அப்படத்தில் வறுமையில் உழலும் குடும்பம், இரவு தங்க வந்த பணக்கார விருந்தாளியைக் கொன்றுவிடுகிறது. வந்தவன் சொந்த மகன். ஆல்பெர் காம்யூ எழுதி 1944இல் பாரிஸில் மேடையேறிய நாடகத்தின் முடிச்சும் இதுவே. ஒரே வீட்டுக்குள் நடக்கும் பழங்கதை என்பதால் எந்த ஊரிலும் கால் ஊன்றிக்கொள்ளும். கன்னடத்தில் தந்தையாக ரங்காயண ரகு நின்ற அளவுக்குத் தமிழில் சார்லி நின்றார் என்பது என் மதிப்பீடு. இருவருமே மேடையும் நகைச்சுவையும் பழகி வந்தவர்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். மறுஆக்கங்கள் வேறு காரணங்களாலும் தோற்கலாம்: இயக்கம் சரியில்லாமல் போகலாம், மூலப்படத்தை ஏற்கெனவே பலர் பார்த்திருக்கலாம், நடிகர் பொருந்தாமல் போகலாம். நியாயமான மறுப்புத்தான். நிலத்தை மட்டுமே காரணமாக்குவது மிகையாகும். ஆனால் இதற்கு எதிர்ப்புறச் சான்று ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2013இல் வந்த மலையாள 'த்ரிஷ்யம்' 2015இல் 'பாபநாசம்' ஆனபோது, கதை நெல்லை மண்ணில் முழுமையாக மறுநடவு செய்யப்பட்டது. ஜெயமோகனின் உரையாடலில் அந்த வட்டாரத்துப் பேச்சு வந்தது. குடும்பத்தின் உணவும் கோபமும் சிக்கனமும் அந்தப் பேச்சின் வழியே வந்தன. மூலத்தை முன்பே பார்த்திருந்தவர்களும் மறுபடி பார்த்தார்கள். அது சிறுபடம் இல்லை, கமல்ஹாசன் படம் என்று சொல்லலாம். அப்படியானால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அத்தனை பெரிய நடிகர் இருந்தும், நிலத்தைப் புதிதாகக் கட்டும் உழைப்பை அப்படம் தவிர்க்கவில்லை. பெரிய முகம் இருக்கும் படத்துக்கே இது தேவைப்பட்டதென்றால், முகம் இல்லாத படத்துக்கு அது உயிர்நிலை.

5. ஆஸ்திரேலியாவில் தீர்ப்பளித்தவர் யார்

கனடா இயக்குநர் டெட் கோட்செஃப் உள்நாட்டுச் சுரங்க நகரமான புரோக்கன் ஹில்லில் எடுத்த 'வேக் இன் ஃப்ரைட்' 1971இல் வெளியானது. வழிப்போக்கனாக வந்து ஊரில் சிக்கிக்கொண்ட பள்ளி ஆசிரியன், சூதாட்டத்திலும் பீரிலும் கங்காரு வேட்டையிலும் படிப்படியாகச் சிதைந்துபோகும் கதை. கான் விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்ற அப்படத்தைச் சொந்த நாட்டுப் பார்வையாளர் ஏற்கவில்லை. நாம் இப்படிப்பட்டவர்கள் இல்லை என்ற சினம்தான் மேலோங்கியது. பின்னர் படச்சுருளே காணாமல் போனது. படத்தொகுப்பாளர் அந்தோனி பக்லி பல ஆண்டுகள் தேடி, அழிப்பதற்கென்று குறியிடப்பட்ட பெட்டிகளில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் அதை மீட்டார். 2009இல் புதுப்பிக்கப்பட்டு மறுபடி கானில் திரையிடப்பட்டபோது, ஆஸ்திரேலியர்கள் அதைத் தம் தேசியச் சொத்தாகக் கொண்டாடினார்கள். என் வாதத்துக்கு இது ஓரளவு எதிரான சான்று. இங்கே அந்நிலத்தாரே முதலில் மறுத்தார்கள். ஆனால் அந்த மறுப்பின் தன்மையைப் பார்க்க வேண்டும். படம் தமக்குத் தொடர்பில்லாதது என்று அவர்கள் அலட்சியம் செய்யவில்லை. தம்மைப் பற்றியது என்பதை உணர்ந்ததால் கொதித்தார்கள். சாட்சி பொய் சொல்லும்போது மட்டுமா கோபம் வருகிறது? உண்மை சொல்லும்போதும் வரும். காந்திநகர் பேசும் 'ஆர்வமின்மை' இதிலிருந்து முற்றிலும் வேறானது.

கிரெக் மெக்லீனின் 'வுல்ஃப் கிரீக்' (2005) வேறொரு பாடம் தருகிறது. மிகச் சிறிய முதலீட்டில் எடுக்கப்பட்ட அப்படம், முதுகுப்பைப் பயணிகளைக் கொன்ற ஐவன் மிலாட்டின் வழக்கையும், 2001இல் வட பிரதேச நெடுஞ்சாலையில் பிரிட்டிஷ் பயணி ஒருவர் காணாமல் போன வழக்கையும் நினைவூட்டியது. பின்னதன் விசாரணை அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது; நடுவர் குழுவின் மனம் மாறிவிடக் கூடாது என்று வட பிரதேசத்தில் மட்டும் படத்தின் வெளியீடு தள்ளிவைக்கப்பட்டது. நிலத்தோடு இவ்வளவு நெருங்கிய படத்தை அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளன்று வெளியிட்டார்கள். அரங்கை விட்டு வெளியே வந்தவர்களிடம் எடுக்கும் சினிமாஸ்கோர் கணிப்பில் அதற்குக் கிடைத்தது கடைசி மதிப்பெண். ஆஸ்திரேலியாவிலோ அது நல்ல வசூல் பெற்றது. ஒரு நாட்டில் தம் நெடுஞ்சாலையின் அச்சமாகப் பார்க்கப்பட்டது, இன்னொரு நாட்டில் காரணமற்ற கொடூரமாகத் தெரிந்தது. படம் ஒன்றுதான். நடுவர் மாறினார்.

6. நிலத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது

இவ்விடத்தில் வலுவான ஆட்சேபம் ஒன்றைச் சந்திக்க வேண்டும். உள்ளூர், மண், வட்டாரப் பேச்சு என்று புகழ்வது எளிது. ஆனால் உட்பகுதி என்றாலே இருட்டும் அறியாமையும் கொலையும் என்று நகரத்தாருக்குக் காட்டிப் பணம் பார்க்கும் படங்களும் இதே பெயரில்தான் வருகின்றன. 'வுல்ஃப் கிரீக்' மீதே இக்குற்றச்சாட்டை வைக்கலாம். அங்கே பாலைவெளி எதற்கும் சாட்சி சொல்வதில்லை. அதுவே கொலையாளியின் கூட்டாளி. அந்நிலத்தின் பூர்வகுடிகள் அப்படத்தில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

பூர்வகுடி மரபில் வந்த ஐவன் சென் இதற்குக் கொடுத்த பதில் 'மிஸ்டரி ரோடு' (2013). எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இசை ஆகிய ஐந்தையும் அவரே செய்தார். சிக்கனம் அங்கே பார்வையின் ஒருமையாகவும் ஆயிற்று. நெடுஞ்சாலைப் பாலத்தின் கீழே பூர்வகுடிச் சிறுமியின் உடல் கிடக்கிறது. அதை விசாரிக்கும் பூர்வகுடித் துப்பறிவாளரைச் சக போலீஸ்காரர்கள் நம்புவதில்லை, சொந்த மக்களும் நம்புவதில்லை. நிலம் யாருடையது, அதில் நடக்கும் எந்தச் சாவு வழக்காகிறது, எந்தச் சாவு கோப்பில் மூடப்படுகிறது என்பவையே படத்தின் கேள்விகள். கன்னடத்தில் நடேஷ் ஹெக்டேயின் 'பெத்ரோ'வை (2021) இதனருகில் வைப்பேன். மேற்குத் தொடர்ச்சி மலை ஊரொன்றில் மின்வேலை பார்க்கும் கிறித்தவரான பெத்ரோ ஒரு பசுவின் சாவுக்குக் காரணமாகிறார். அதன்பின் ஊர் மெல்ல மெல்ல அவரைச் சுற்றி இறுகுகிறது. குற்றம் தனிமனிதனுடையதா ஊருடையதா என்பதை மழையும் சேறும் கேட்பதுபோல் படம் கேட்கிறது. பூசான் விழாவில் முதல் திரையிடலைக் கண்ட இப்படத்துக்கு 2022இல் பெங்களூரு சர்வதேசத் திரைவிழாவில் இடம் கிடைக்கவில்லை. சொந்த நிலத்தின் பார்வையாளரை அடையத் திரையரங்கும் கிட்டாமல், விழாவும் கிட்டாமல் போனதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஆகவே குறைந்த செலவு என்பதற்காகவே ஒரு படம் மேன்மை பெறுவதில்லை. மோசமாக எழுதப்பட்ட சிறு குற்றப்படங்கள் வாரந்தோறும் வருகின்றன. அவை மறக்கப்படுவதில் அநீதி ஏதுமில்லை. நிலத்தை அறிந்து எழுதிய படத்தையும் அறியாமல் எழுதிய படத்தையும் பிரித்துச் சொல்லத்தான் உள்ளூர்ப் பார்வையாளர் தேவை. மண்டியாக் கன்னடம் பொய்யாக ஒலித்தால் மண்டியாக்காரர் முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். பெங்களூரு மால் அரங்குக்கு அந்தக் காது கிடையாது.

7. திரை எங்கே

இனி வெளியீட்டுக்கு வருவோம். 2015 ஜூலை 3 அன்று வந்த அனூப் பண்டாரியின் 'ரங்கிதரங்கா', துளுநாட்டுச் சிற்றூரில் நடக்கும் மர்மக் கதை. நடித்தவர்களில் பெரும்பாலோர் புதியவர்கள். சரியாக ஒரு வாரத்தில் 'பாகுபலி' வந்தது. பெங்களூரின் மால் அரங்குகள் சிறுபடத்தின் காட்சிகளைக் குறைக்கத் தொடங்கின. பார்வையாளர்கள் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். காட்சிகள் திரும்பக் கிடைத்தபின் படம் நெடுநாள் ஓடியது. சுவை ஒரே வாரத்தில் மாறிவிடவில்லை. திரை இருந்தது, ஆகவே படம் ஓடியது. பார்வையாளர் வாய் திறவாமல் இருந்திருந்தால், அதே படம் இன்று 'மக்கள் ஏற்காத படம்' என்ற பட்டியலில்தான் இருந்திருக்கும். 2021 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் வெளியான குற்றப்படம் 'தி டிரை' இரண்டு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் வசூலித்ததும் இதே காரணத்தைச் சுட்டுகிறது. நாயகன் எரிக் பானாவின் புகழும், படம் தழுவிய, விற்பனையில் முந்திய நாவலும் அதற்கு உதவின என்பதை மறுக்கவில்லை. ஆனால் பெருந்தொற்றால் ஹாலிவுட் பெரும்படங்கள் தள்ளிப்போயிருந்த கோடையில், உள்நாட்டு வறட்சியின் கதைக்குத் திரைகள் காலியாக இருந்தன என்பதும் உண்மை.

மைசூரில் நிலைமை எதிர்த்திசையில் போகிறது. தனித் திரையரங்குகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. நகரத்தார் நெஞ்சில் இடம்பிடித்திருந்த சாந்தலா 2020இல் மூடப்பட்டது. மிஞ்சியவை பெரும்படங்களை நம்பியே மூச்சு விடுகின்றன. மால்களில் சீட்டு விலை, கிராமத்திலிருந்து பேருந்தேறி வரும் குடும்பத்துக்கு எட்டுவதில்லை. ஹுணசூரிலோ நஞ்சன்கூட்டிலோ மலவள்ளியிலோ வசிப்பவர் தம் ஊரைப் போன்ற ஊரில் நடக்கும் கதையைத் திரையில் காண, அக்கதைக்கு அவ்வூரில் திரை இல்லை.

ஓடிடி இதைத் தீர்த்துவிட்டதே என்பார்கள். 2020 ஜூலையில் புனீத் ராஜ்குமாரின் நிறுவனம் 'லா' உள்ளிட்ட சிறுபடங்களை நேரடியாகப் பிரைம் வீடியோவில் வெளியிட்டபோது அந்த நம்பிக்கை எல்லோருக்கும் இருந்தது. நீடிக்கவில்லை. ஏழு கரையோரக் கதைகளைத் தொகுத்த 'ஏகம்' தொடருக்குப் பெரிய தளம் எதுவும் முன்வராததால், 2024 ஜூலையில் ரக்ஷித் ஷெட்டி தனி இணையதளம் தொடங்கி அதை வெளியிட நேர்ந்தது. வாங்குபவர் திரையரங்க வசூலைப் பார்த்து விலை பேசுகிறார். வசூலோ திரை இல்லாததால் குறைகிறது. இந்தச் சுழலில் ஓடிடி தீர்வாகாது.

ஆஸ்திரேலியாவில் வழி திறந்தது பொது ஒளிபரப்பு. 'மிஸ்டரி ரோடு' 2018இல் ஏபிசி தொலைக்காட்சித் தொடராக மாறி, திரையரங்கில் கிடைக்காத பெருந்திரளை அடைந்தது. நமக்கும் இது புதிதல்ல. மைசூரில் வாழ்ந்த ஆர்.கே. நாராயணின் கதைகளை ஷங்கர் நாக் தீர்த்தஹள்ளி வட்டத்து ஆகும்பெயில் 'மால்குடி டேஸ்' ஆக எடுத்தார். 1980களின் பிற்பாதியில் தூர்தர்ஷன் அந்த மழைத் தெருவை நாடெங்கும் கொண்டுசென்றது. 'ஷாகாஹாரி'யின் களமும் அதே வட்டம்தான். அன்று கிடைத்த பொது வழி இன்றைய படத்துக்கு இல்லை.

கர்நாடக அரசின் 2025-26 வரவு செலவுத் திட்டம் மைசூரில் 150 ஏக்கரில், 500 கோடி ரூபாயில், அரசு-தனியார் கூட்டில் திரைப்பட நகரம் அமைக்கப்படும் என்கிறது. அரசே கன்னடப் படங்களுக்கு ஓடிடி தளம் தொடங்கும் என்றும் அறிவித்தது. அரங்கம் போடும் வசதி பெரும்படங்களுக்குப் பயன்படும், வரட்டும். ஆனால் உள்ள தெருவில் எடுக்கும் படத்துக்கு வேண்டியது இன்னொரு தெரு அன்று. தேர்வாகும் கன்னடப் படங்களுக்கு அரசு 10 இலட்சம் ரூபாய் மானியம் தருகிறது. அம்மானியத்தோடு ஒரு பொறுப்பையும் அரசு ஏற்க வேண்டும்: படம் எந்த வட்டத்தில் எடுக்கப்பட்டதோ அந்த வட்டத்திலும், அதன் மாவட்டத் தலைநகரிலும், மாலைக் காட்சியாக, எளிய கட்டணத்தில், குறைந்தது இரண்டு வாரம் அது திரையிடப்பட வேண்டும். தாலுகா நகரங்களில் பூட்டிக் கிடக்கும் அரங்குகளையும் அரசுக் கலைமன்றங்களையும் இதற்குத் திறக்கலாம். சிறு முதலீட்டுப் படங்களுக்கு மானியம் தரும் தமிழக அரசிடமும் இதையே கேட்க வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு வாரத்துக்குப் பிறகும் ஒரு படத்தை அவ்வூரார் வேண்டாமென்று சொன்னால், அதைத் தோல்வி என்று எழுதிக்கொள்ளலாம்.